பத்துத் தாளுக்கு நாலு வருஷமா?

அன்புள்ள வாசகிக்கு,

பிளஸ் டூ முடித்ததும் கவின் கலைக் கல்லூரியில், கையால் அச்செடுக்கும் பிரிண்ட்மேக்கிங் கலை படிக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டும் உங்கள் அப்பாவோ, "நாங்க மணிக்குப் பத்தாயிரம் அடிக்கிறோம். பத்துத் தாள் அடிக்கிறதுக்கு நாலு வருஷம் படிக்கணுமா?" என்று கேட்கிறாராம். நியாயமான கேள்விதான். அதனால் இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும்.

அப்பாவின் தொழிலும் நீங்கள் படிக்க நினைப்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1790களில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடக ஆசிரியர், தன் நாடகங்களை மலிவாக அச்சடிக்க வழி தேடப்போய்க் கண்டுபிடித்ததுதான் லித்தோகிராஃபி. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மசியால் வரைந்து, கல்லை ஈரமாக்கி, மை உருளையை ஓட்டினால் வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும். ஈரமான இடம் தள்ளிவிடும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதே சூத்திரம். அப்பாவின் மெஷினில் கல்லுக்குப் பதில் அலுமினியம் பிளேட். நடுவில் ஒரு ரப்பர் பிளாங்கெட். மற்றபடி அதே சூத்திரம். தண்ணீர் கூடினால் மை வெளிறும், குறைந்தால் பிளேட் முழுக்க அப்பும். லித்தோ வகுப்பில் மற்றவர்கள் பட்டுத் தெரிந்துகொள்ளும் இந்தச் சங்கதி உங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு.

உங்கள் பக்கத்துக்கும் அந்தக் கல்லூரிக்கும் பழைய உறவும் உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கே படித்த கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கி வரைந்த சாமி படங்கள்தான் சிவகாசிக் காலண்டர்களாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

ஆனால் காலண்டர் வேலையில் ஓவியர் முதலில் படத்தை முடித்துக் கொடுத்தார். அச்சகம் அதைப் பெருக்கியது. பிரிண்ட்மேக்கிங்கில் முன்கூட்டியே முடிந்த படம் என்று ஒன்று கிடையாது. தகட்டில்தான் படம் பிறக்கிறது. எட்சிங்கை எடுத்துக்கொள்வோம். துத்தநாகத் தகட்டில் மெழுகு கலந்த பூச்சைப் பூசி, காய்ந்தபின் ஊசியால் வரைய வேண்டும். ஊசி போன வழியில் பூச்சு விலகி உலோகம் பளிச்சென்று தெரியும். தகட்டை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இறக்கினால் அந்தக் கோடுகள் மட்டும் அரிபடும். கோட்டின்மேல் பொடிப்பொடியாகக் குமிழி கட்டும். ஒரு பறவை இறகால் அதைத் தடவி விலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் அரிப்பு திட்டுத்திட்டாகிவிடும். சீக்கிரம் எடுத்தால் மெல்லிய கோடு, கூட ஊறினால் ஆழமான கருங்கோடு.

பிறகு பூச்சைக் கழுவி, தகடு முழுக்க மையைத் தேய்த்து, மஸ்லின் துணியால் துடைத்து, கடைசியாக உள்ளங்கையால் லேசாக ஒரு இழுப்பு. பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். நனைத்து ஒற்றிய தாளை மேலே விரித்து, கம்பளி போர்த்தி, பிரஸ் சக்கரத்தைச் சுற்றித் தாளை உரித்தால், நீங்கள் வரைந்தது இடம் வலம் மாறி வந்திருக்கும். வேலையே அந்த முதல் ப்ரூஃபில், அதாவது சோதனைப் பிரதியில்தான் ஆரம்பிக்கிறது. வானம் வெறிச்சென்று இருக்கிறதா? ரோசின் பொடியைத் தூவி, சூடுகாட்டி ஒட்டவைத்து, மறுபடி அமிலத்தில் இறக்கிச் சாம்பல் நிறம் ஏற்றலாம். ஒரு மூலை கறுத்துப்போனதா? சுரண்டி, தேய்த்து, வெளிச்சம் கொண்டுவரலாம். மறுபடி ப்ரூஃப், மறுபடி தகடு. திருப்தியான பிறகுதான் பிரதிகள். அவற்றில் பென்சிலால் 1/15, 2/15 என்று எண்ணும் கையெழுத்தும் இடுவார்கள்.

ஆக, அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பத்துத் தாள் அடிக்க ஒரு நாள் போதும். எதை அடிப்பது, எங்கே தகட்டிலிருந்து கையை எடுப்பது என்று பிடிபடத்தான் நாலு வருஷம். சிலருக்கு அதுவும் பத்தாது.

நாலு வண்ணத்துக்கு நாலு பிளேட் போடுகிறவரிடம் கிருஷ்ணா ரெட்டியைப் பற்றியும் சொல்லுங்கள். 1925இல் சித்தூர் பக்கம் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, சில காலம் சென்னைக் கலாக்ஷேத்திராவில் கற்பித்தவர். பிற்பாடு பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் ஸ்டூடியோவில் சேர்ந்து, மைகளில் எண்ணெயைக் கூட்டிக் குறைத்து, மென்மையான உருளை ஒன்று, கெட்டியான உருளை ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்டி, ஒரே தகட்டிலிருந்து ஒரே அழுத்தலில் பல வண்ணங்களை எடுக்கும் முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். சோம்நாத் ஹோர் இதற்கு நேர்மாறு. 1970களில் அவர் செய்த 'காயங்கள்' வரிசையில் மையே இல்லை. களிமண் பலகையைக் கீறிக் குத்தி, அதிலிருந்து வார்ப்பு எடுத்து, காகிதக் கூழை அந்த வார்ப்பில் அழுத்தினார். வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே தழும்புகள். மையில்லாமல் ஒரு அச்சு! அப்பா நம்ப மாட்டார்; படத்தைத் தேடிக் காட்டுங்கள்.

இனி நடைமுறை. ஓவியம் என்றால் வீட்டுத் திண்ணையிலேயே வரையலாம். எட்சிங் பிரஸையும் அமிலத் தொட்டியையும் வீட்டில் வைக்க முடியாது. கல்லூரி உங்களுக்குத் தரும் பெரிய சொத்து அந்த அறைதான். அதனால் சேரும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பிரஸ் ஓடுகிறதா, அமிலம் வைத்த இடத்தில் புகை வெளியேற வழி இருக்கிறதா, மாணவர்கள் வகுப்பு முடிந்தும் அங்கேயே கிடக்கிறார்களா என்று கவனியுங்கள். மூன்றாவது ரொம்ப முக்கியம். பக்கத்து மேசைக்காரர் தகட்டைக் கெடுப்பதையும் மீட்பதையும் பார்த்துக் கற்பதே இதில் பாதி. மேற்படிப்புக்கு பரோடாவும் சாந்திநிகேதனும் இருக்கின்றன.

வேலையைப் பற்றி மழுப்ப மாட்டேன். பிரிண்ட் விற்று மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் குறைவு. பெரும்பாலோர் கற்பித்தல், வடிவமைப்பு என்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்கள். படித்து முடித்தபின் பிரஸ் கைக்கு எட்டாமல் போவதால் விட்டவர்களும் உண்டு. சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி மையத்தில் கலைஞர்களுக்கான கிராஃபிக்ஸ் ஸ்டூடியோ இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களைப் படிக்கும்போதே பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். லினோ துண்டு ஒன்று, செதுக்க இரண்டு உளி, கொஞ்சம் மை, தேய்க்க ஒரு கரண்டியின் முதுகு. இதற்கு பிரஸ் தேவையில்லை. இரண்டு வண்ணத்தில் ஒரு படம் செதுக்கி, பத்துப் பிரதி எடுத்து அப்பா முன் வையுங்கள். வண்ணங்கள் பொருந்தும் ரிஜிஸ்டர் எங்கே விலகியிருக்கிறது, மை எந்தத் தாளில் குறைந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். படம் முடிந்துவிட்டதா, இன்னும் செதுக்க வேண்டுமா என்பதை மட்டும் அவர் சொல்ல முடியாது. அந்தத் தீர்ப்பு உங்களுடையது, அதற்குத்தான் கல்லூரி.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்