ஒரு காய் குறைந்தால்: மாற்றுப் பாகம் பெற நான்கு வழிகள்

புதிதாக வாங்கிய ஆட்டப் பெட்டியில் ஒரு காய் உடைந்திருக்கிறது, ஒரு சீட்டு குறைகிறது, அல்லது அச்சு தவறியிருக்கிறது. அப்போது நமக்கு நான்கு வழிகள் உண்டு. பெட்டியையே கடையில் மாற்றலாம். தயாரித்த நிறுவனத்திடம் அந்தப் பாகத்தை மட்டும் கேட்கலாம். வேறொரு பழைய பெட்டியிலிருந்து எடுக்கலாம். நாமே செய்துகொள்ளலாம். எது மலிவு, எது சீக்கிரம் கிடைக்கும் என்று பார்ப்பதற்கு முன், அந்தப் பாகம் ஆட்டத்தில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். சரியான வழியை அதுவே காட்டிவிடும்.

பாகத்தின் வேலை என்ன?

சில பாகங்கள் வெறும் அடையாளம். பல்லாங்குழியில் சோழி குறைந்தால் புளியங்கொட்டை போட்டு ஆடுகிறோம். எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். லூடோ காயும் மோனோபோலியில் நகர்த்தும் உருவமும் சதுரங்கச் சிப்பாயும் இந்த வகைதான்.

சில பாகங்கள் ரகசியம் காப்பவை. ஆங்கில ஸ்க்ராபிளில் 98 எழுத்து வில்லைகளும் 2 வெற்று வில்லைகளும் உண்டு. பைக்குள் கைவிடும்போது ஒரு வில்லை மட்டும் வேறு மாதிரி தட்டுப்பட்டால் விரலே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். போட்டி ஆட்டக்காரர்கள் தடவித் தெரிந்துகொள்ள முடியாத வழவழப்பான வில்லைகளை விரும்புவது இதனால்தான். கட்டான் ஆட்டத்தில் 95 வளச் சீட்டுகளும் 25 முன்னேற்றச் சீட்டுகளும் உண்டு. அவற்றில் ஒன்றின் முதுகு நிறம் சற்று வெளிறியிருந்தாலும் அது யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இன்னும் சில பாகங்களுக்கு எடையும் வழுக்கலுமே உயிர். கேரமில் 9 வெள்ளை, 9 கறுப்பு, 1 சிவப்பு என 19 காய்கள். போட்டி விதிப்படி ஒரு காயின் குறுக்களவு 3.02 முதல் 3.18 செ.மீ. வரை, எடை 5 முதல் 5.5 கிராம் வரை. ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. பகடையும் இந்த வகையில் சேரும்.

1. கடையில் மாற்றுவது

பலகை வளைந்திருந்தாலோ, பல பாகங்கள் ஒன்றாகக் குறைந்தாலோ இதுவே நேர்வழி. வாங்கிய அன்றே விதிப் புத்தகத்தில் உள்ள பட்டியலை வைத்து எண்ணிவிடுங்கள். திருப்பித் தரும் கெடு முடிந்தபின் எண்ணிப் பயனில்லை. பில்லையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். குறையுள்ள பொருளை விற்றவர் கைகழுவினால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் அச்சுப் பிழைக்கு இந்த வழி உதவாது. ஒரே அச்சில் வந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் அதே பிழை இருக்கும்.

2. நிறுவனத்திடம் கேட்பது

ரகசியம் காக்கும் பாகங்களுக்கும் அச்சுப் பிழைக்கும் இதுவே முதல் தேர்வு. புதுப் பெட்டி என்றால் பல நிறுவனங்கள் இலவசமாகவே அனுப்புகின்றன. ஆட்டத்தின் பெயர், பதிப்பு, பெட்டியில் உள்ள லாட் எண், விதிப் புத்தகத்தில் அந்தப் பாகத்துக்கு உள்ள பெயர், படம், பில் நகல் ஆகிய அனைத்தையும் முதல் கடிதத்திலேயே அனுப்பினால் வீண் தாமதம் இல்லை.

யாருக்கு எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஸ்க்ராபிள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாஸ்ப்ரோவுடையது. மற்ற நாடுகளில் மட்டெலுடையது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதென்றால் காத்திருக்கவும் வேண்டும். வந்த சீட்டைப் பகல் வெளிச்சத்தில் பழைய சீட்டுகளோடு வைத்துப் பாருங்கள். அடுத்தடுத்த அச்சுகளில் நிறம் மாறுவதுண்டு.

3. பழைய பெட்டியிலிருந்து எடுப்பது

நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ, ஆட்டத்தின் அச்சு நின்றிருந்தாலோ இது கைகொடுக்கும். பதிப்பு ஒன்றாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு பணம் கொடுங்கள். அடையாளப் பாகங்களுக்கு இது தாராளமாகப் போதும்.

கேரமுக்கு மட்டும் வேண்டாம். பவுடரில் தேய்ந்து தேய்ந்து ஓரம் மழுங்கிய காய்களுக்கு நடுவே வேறொரு காயைப் போட்டால் அது தனியாக ஓடும். ஒன்று தொலைந்தாலும் 19 காய்களையும் புதிதாக வாங்குவதே ஆட்டத்துக்கு நியாயம்.

4. நாமே செய்வது

சதுரங்கக் காயைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம். 3டி பிரிண்டரிலும் எடுக்கலாம். அளவுக்கு உங்கள் செட்டிலுள்ள ஜோடிக் காயையே மாதிரியாகக் கொடுங்கள். ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ. என்று சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே பரிந்துரைக்கிறது; வீட்டு செட்டுகள் பலவும் அதைவிடச் சிறியவை.

சீட்டு என்றால் தாளில் அச்சிட்டு, வேண்டாத ஒரு சீட்டின் மேல் வைத்து, பின்புறம் தெரியாத ஸ்லீவில் (சீட்டு உறையில்) போடுங்கள். அந்தக் கட்டு முழுவதற்கும் ஒரே ரக ஸ்லீவ் போட்டால்தான் ரகசியம் நிலைக்கும். வாங்கும் முன் சீட்டை அளந்துகொள்ளுங்கள். 63 × 88 மி.மீ. பரவலான அளவு, ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் அது பொருந்தாது.

பகடையை மட்டும் செய்ய முயலாதீர்கள். கடையில் புதிதாக வாங்கி, மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் போட்டுச் சுழற்றுங்கள். திரும்பத் திரும்ப ஒரே முகம் மேலே வந்தால் அது எடை சாய்ந்த பகடை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அடையாளப் பாகம் என்றால் நீங்களே செய்யுங்கள். ரகசியப் பாகம் என்றால் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை ஸ்லீவ் போட்டு ஆடுங்கள். எடை முக்கியம் என்றால் முழு செட்டையும் மாற்றுங்கள். பலகையே பழுது என்றால் கடைக்குப் போங்கள்.

எந்த வழியில் சரிசெய்தாலும், குறை என்ன என்று நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். வாங்கியவர்கள் சொன்னால்தான் அடுத்த அச்சில் அந்தப் பிழை திருத்தப்படும்.