பழைய அற்றோணிப் பத்திரமும் புதிய பத்திரமும்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

பக்கவாதத்தால் சிந்திக்கும் ஆற்றல் குன்றிய தந்தையாருடன் விடுதிக்கு வரும் மகள் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் கையில் 2004ஆம் ஆண்டு தந்தையார் தெளிந்த அறிவோடு கையொப்பமிட்ட பத்திரம் ஒன்று இருக்கின்றது. "அப்பாவுக்காக முடிவெடுக்கும் உரிமை எனக்கு உண்டு" என்று அவர் நம்புகின்றார். வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை சரியானது; சிகிச்சையைப் பொறுத்தவரை சரியன்று. ஏன் என்பதை இங்கு விளக்குகின்றோம். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டம். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு.

சாதாரண அற்றோணித் தத்துவம், அதனை வழங்கியவர் முடிவெடுக்கும் ஆற்றலை இழந்ததும் செயலற்றுப் போகும். மிகவும் தேவைப்படும் வேளையில் அது கைகொடுக்காது. இக்குறையை நீக்கவே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 'என்டியூரிங்' பத்திரம் வந்தது. 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் அதற்குப் பதிலாக 'லாஸ்டிங்' பத்திரத்தைக் கொண்டுவந்தது. 2007 ஒக்டோபர் 1 முதல் பழைய வகையைப் புதிதாக எழுத இயலாது. அதற்கு முன் முறைப்படி கையொப்பமிட்டவை இன்றும் செல்லும்.

பழைய பத்திரம்

இது பணம், வீடு, சொத்து ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது. சிகிச்சை, பராமரிப்பு, வசிப்பிடம் பற்றிய அதிகாரம் எதனையும் இது தராது. பதிவு செய்யாமலே பயன்படுத்தத் தொடங்கலாம். ஆயினும், வழங்கியவர் ஆற்றலை இழக்கின்றார் என்று அற்றோணி கருதியவுடன் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் அதனைப் பதிவு செய்தாக வேண்டும்.

புதிய பத்திரம்

இது இரு வகைப்படும்: ஒன்று சொத்து, நிதி பற்றியது, மற்றொன்று உடல்நலம், நல்வாழ்வு பற்றியது. எந்த வகையாயினும் பதிவு செய்த பின்னரே பயன்படும். வழங்குபவர் இதனை விளங்கிக்கொண்டு, எவருடைய வற்புறுத்தலுமின்றிச் செய்கின்றார் என்று தகுதியுள்ள ஒருவர் சான்றளித்தல் வேண்டும். நிதிப் பத்திரத்தை, வழங்கியவரின் இசைவோடு அவர் ஆற்றலுடன் இருக்கும்போதும் பயன்படுத்தலாம். உடல்நலப் பத்திரமோ, அந்த முடிவை அவரே எடுக்க இயலாத போது மட்டுமே செயற்படும். உயிர்காக்கும் சிகிச்சையை ஏற்பதா மறுப்பதா என்னும் அதிகாரத்தை அற்றோணிக்கு அளிப்பதா என்பதையும் அவரே அதில் தெரிவிக்க வேண்டும்.

பத்திரம் இல்லாவிடில்

கணவன், மனைவி, பிள்ளை என்னும் உறவு மட்டும் சட்டப்படி சிகிச்சையை முடிவு செய்யும் உரிமையைத் தந்துவிடாது. நோயாளியின் நலனுக்கு உகந்தது எதுவென மருத்துவர்கள் முடிவு செய்வர். அவருடைய விருப்பங்களை நன்கறிந்த குடும்பத்தினரின் கருத்தையும் கேட்டறிவர். கருத்து வேறுபாடு தீராவிடில் பாதுகாப்பு நீதிமன்றத்தை நாட நேரிடலாம்.

செய்ய வேண்டியவை

வீட்டிலுள்ள பத்திரத்தை எடுத்து, அதன் வகையையும் கையொப்பமிட்ட நாளையும் பாருங்கள். பழைய பத்திரமாயின் அதனை எறிந்துவிட வேண்டாம். வழங்கியவர் இன்னும் தெளிவுடன் இருப்பாராயின், அதனை நிதிக்காக வைத்துக்கொண்டு, உடல்நலத்துக்கு மட்டும் புதிய பத்திரம் எழுதலாம். அவர் ஆற்றலை இழந்த பின் புதிய பத்திரம் எழுத வழியில்லை. பதிவுக்குச் சில வாரங்கள் ஆகும் என்பதால் காலந்தாழ்த்தாதீர்கள். நோயாளி அனுமதிக்கப்படும்போது பதிவு செய்த பத்திரத்தின் பிரதியை விடுதித் தாதியரிடம் காட்டுங்கள்.

மறதி நோய் உள்ளது என்பதனாலேயே ஒருவர் ஆற்றலற்றவர் ஆகிவிடார். ஆற்றல் இல்லையென நிறுவப்படும் வரை அவருக்கு அது உண்டு என்றே சட்டம் கொள்கின்றது. எனவே இப்பேச்சை அவரை விலக்கி வைத்து நடத்தாதீர்கள். "உங்களால் சொல்ல முடியாத நாளில் உங்களுக்காக யார் பேச வேண்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். அவ்விடையை அவர் வாயால் கேட்டறியும் காலம் இதுவே.