தத்து வந்த பிள்ளை நன்றி சொல்லணுமா?

இந்த மாதப் பாடம் யசோதையைப் பற்றியது. ஆனால் கோகுலத்தில் ஆரம்பிக்கப் போவதில்லை. முதலில் உக்ரைனுக்குப் போய்விட்டு வருவோம்.

போருக்கு முன்பு அங்கே சுமார் ஒரு இலட்சம் பிள்ளைகள் அரசு விடுதிகளில் வளர்ந்தார்கள். அந்த விடுதியை ‘இன்டர்னாட்’ என்பார்கள். எல்லாரும் அநாதைகள்னு நினைச்சிடாதீங்க. பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடுதான் இருந்தார்கள். வறுமை, குடி, பிள்ளைக்கு உடற்குறை என்று ஏதோ ஒரு காரணத்தால் விடுதிக்கு வந்தவர்கள் அவர்கள். பெற்றோரின் உரிமையை நீதிமன்றம் எடுத்துவிட்ட பிள்ளைகளில் சிலரை அமெரிக்க, இத்தாலியக் குடும்பங்கள் தத்தெடுத்தன. 2022 பிப்ரவரியில் போர் மூண்ட பிறகு வெளிநாட்டுத் தத்தெடுப்பு ஏறக்குறைய நின்றுபோனது. அதற்கு முன்பு போன பிள்ளைகள் இன்று அந்தந்த வீடுகளில் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உக்ரைன் சட்டப்படி, வெளிநாட்டவர் தத்தெடுக்க வேண்டுமானால் பிள்ளைக்குப் பொதுவாக 5 வயது தாண்டியிருக்க வேண்டும். நம் நாட்டில் அந்தக் காலத்தில் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்கள் சீனப் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த கதை பலருக்கும் தெரியும். அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் கைக்குழந்தைகளாக வந்தார்கள். தமிழே அவர்களுக்குத் தாய்மொழி ஆனது. உக்ரைன் பிள்ளைகள் அப்படி இல்லை. 7 வயது, 10 வயது, சிலர் 14 வயது. தனக்கென்று ஒரு மொழி, நண்பர்கள், நினைவுகள், வலிகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு விமானம் ஏறியவர்கள்.

வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கும்? முதல் சில வாரம் ரொம்ப அமைதியாக இருக்கும். சொன்னதெல்லாம் கேட்கும், சிரிக்கும். அதற்குப் பிறகுதான் அசல் வாழ்க்கை தொடங்கும். தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டு கிடைக்கும். அலமாரியில் பழத்தோல் அழுகும். ‘கேட்டால் கொடுக்க மாட்டோமா, ஏன் திருடுறே?’ என்று கோபப்படத் தோன்றும். பிள்ளையின் பக்கம் நின்று பாருங்களேன். விடுதியில் சாப்பாடு மணி அடித்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. நாளைக்கும் சோறு இருக்கும் என்பதை அந்த உடம்பு இன்னும் நம்பவில்லை. அனுபவப்பட்ட பெற்றோர் இதற்குச் செய்வது ரொம்பச் சாதாரணமான காரியம்: பிள்ளைக்கு எட்டும் இடத்தில் ஒரு கூடை நிறைய பழமும் ரொட்டியும் வைத்துவிடுவார்கள். எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம், கேட்கவே வேண்டாம். சில மாதங்களில் பல பிள்ளைகள் ஒளித்துவைப்பதை விட்டுவிடும்.

தூக்கமும் அப்படித்தான். பத்துப் பேர் மூச்சுச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு, ஆசையாய் வண்ணம் பூசிக் கொடுத்த தனி அறை பயமாக இருக்கும். இன்னொன்று, வீட்டுக்கு வருகிற விருந்தாளி, கடைக்காரர், தபால்காரர் என்று பார்ப்பவர் எல்லாரையும் போய்க் கட்டிக்கொள்ளும். ‘எவ்வளவு பாசமான பிள்ளை!’ என்போம். யார் நிரந்தரம், யார் போய்விடுவார்கள் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளாத பிள்ளையின் பழக்கம் அது. அதனால்தான் முதல் சில மாதம் ஊட்டுவது, அணைப்பது, அழுதால் தூக்குவது எல்லாவற்றையும் அம்மா அப்பாவே செய்யச் சொல்கிறார்கள். பாட்டி வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

எனக்கு ரொம்ப மனசைத் தொட்டது அக்காக்களின் நிலைமை. அண்ணன், தங்கை, தம்பி என்று உடன்பிறப்புகளைச் சேர்த்தே தத்தெடுப்பது அங்கே வழக்கம். விடுதியில் 9 வயது அக்காதான் தம்பிக்கு அம்மா. அவனுக்குச் சட்டை போட்டுவிட்டவள், தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தவள் அவள்தான். புது வீட்டில் புது அம்மா வந்து, ‘நீ போய் விளையாடு, நான் பார்த்துக்கிறேன்’ என்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அவளிடம் இருந்த ஒரே பதவியைப் பறித்த மாதிரி ஆகிவிடும். அவள் சண்டை போடுவாள். அந்தச் சண்டையை நன்றிகெட்டதனம் என்று எடுத்துக்கொள்ளும் குடும்பம் அவளை இழந்துவிடும்.

மொழி இன்னும் வேகமாகப் போகும். பேச ஆள் இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே சிறு பிள்ளைகள் தாய்மொழியை மறக்கத் தொடங்குகிறார்கள். தாய்மொழிக்காகத் தமிழ்ப்பள்ளியைக் கட்டிக்காத்த சமூகம் நாம். இது என்ன இழப்பு என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் ஆராய்ச்சி என்ன சொல்கிறது? பக்கத்து நாடான ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. விடுதியில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. 2 வயதுக்கு முன் போனவர்களுக்கு முன்னேற்றம் அதிகம். இங்கிலாந்துக்குத் தத்துப் போன ருமேனியப் பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் இளைஞர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். விடுதியில் நீண்ட காலம் இருந்தவர்களில் பலருக்குச் சில சிக்கல்கள் தொடர்ந்தன. ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அன்பு எல்லாத்தையும் சரிபண்ணிடும்னு சொல்வது பொய். அன்பால் ஒன்றும் ஆகாது என்பதும் பொய்.

நான் சிவில் பொறியியல் படிக்கிறவன், அதனால் இப்படி யோசிக்கிறேன். இளகிய களிமண் நிலத்தில் பாரம் ஏற்றினால் அன்றைக்கே நிலம் அமர்ந்து முடிவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் நீர் கசிந்து கசிந்து வெளியேற வேண்டும். வருடக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு மேலே கட்டினால் சுவர் வெடிக்கும்.

இப்போது யசோதைக்கு வருவோம். கண்ணனை நாம் தேவகிநந்தன் என்றும் சொல்கிறோம், யசோதாநந்தன் என்றும் சொல்கிறோம். ஒரு பெயருக்காக இன்னொன்றை அழிக்கவில்லை. யசோதை வளர்த்த பிள்ளை ஒருநாள் மதுராவுக்குப் புறப்பட்டுப் போனது. அதனால் அவள் தாய்மை குறைந்துவிட்டது என்று எந்தப் பக்தரும் பாடவில்லை. மகாபாரதத்தில் கர்ணனைப் பாருங்கள். குந்திதான் உன்னைப் பெற்றவள் என்று கண்ணனே வந்து சொல்கிறார். அரசு கிடைக்கும், தம்பிகள் ஐவரும் கிடைப்பார்கள். அப்போதும் அவன் தன்னை வளர்த்த ராதையையும் அதிரதனையும் விட்டுவரச் சம்மதிக்கவில்லை. அவர்கள் அதை அவனிடம் கடனாகக் கேட்டதில்லை. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘உன்னைக் காப்பாத்தினோமே’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த வீட்டில் பிள்ளை விருந்தாளி ஆகிவிடும்.

உக்ரைன் பிள்ளைகளைத் தத்தெடுத்த சில குடும்பங்கள் பிள்ளையின் பெயரையே மாற்றிவிடுகின்றன. ஒலெக்சாந்தர், அலெக்ஸ் ஆகிவிடுவான். பள்ளியில் கூப்பிட வசதி என்கிறார்கள். என் கருத்தில், விமானம் ஏறியபோது அந்தப் பிள்ளையிடம் சொந்தமாக இருந்த ஒரே பொருள் பெயர். அதைத் தொடக்கூடாது. வேறு மாதிரி நினைப்பவர்களும் இருப்பீர்கள்.

அதனால் இந்த வாரம் வகுப்பில் இதைப் பேசுங்கள்: ஒரு பேச்சுக்கு, உங்கள் வீட்டுக்கு வேற்று மொழி பேசும் 8 வயதுப் பிள்ளை ஒன்று தத்து வருகிறது. பாட்டிக்கு அதன் பெயர் வாயில் நுழையவில்லை. ‘நம்ம சாமி பேரா ஒண்ணு வச்சிடலாம்ப்பா, பிள்ளைக்கும் நல்லதுதானே’ என்கிறார். பிள்ளை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. நீங்கள் அதற்கு அண்ணனோ அக்காவோ. பாட்டி மனம் நோகாமல் என்ன பதில் சொல்வீர்கள்?