தக்காளிச் செடியின் வாட்டம்: நீர்க்குறையா, நோயா?

திருவனந்தபுரத்து வீட்டுத் தோட்டங்களில் தக்காளிச் செடி வாடக் கண்டதும் நீர் ஊற்றுவது வழக்கம். ஆயினும், எல்லா வாட்டமும் நீர்க்குறையால் வருவதன்று.

நண்பகலில் துவண்டு மாலையில் நிமிரும் செடிக்குப் பெரும்பாலும் நோயில்லை. வேர் உறிஞ்சும் நீரினும் மிகுதியாக இலைகள் ஆவியாக்குவதே இதன் காரணம். மண்ணில் இரண்டு அங்குல ஆழம் விரலைச் செலுத்திப் பார்த்து, ஈரமில்லையெனில் காலையில் வேரடியில் நீர் ஊற்றுதல் வேண்டும். சில நாள் காயவிட்டுப் பின்னர் நீரைத் தேக்கினால், சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சீராகச் சேராது. காயின் நுனி கறுத்து அழுகும்.

மண் ஈரமாயிருந்தும், இலை பசுமையாயிருக்கையிலேயே திடீரென வாடி மாலையிலும் நிமிராத செடியைப் பாக்டீரியா வாடல் நோய் தாக்கியிருக்கலாம். கேரளத்தின் புளிப்புத் தன்மையுள்ள செம்புறை மண்ணில் இந்நோய் மிகுதி. அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் பிடித்தால், வெட்டுவாயிலிருந்து பால்போன்ற கசிவு இழையிழையாக இறங்கும். மாணவர்களுக்கு இதனை எளிதிற் செய்து காட்டலாம்.

இத்தகைய செடிக்கு ஊற்றும் நீர் அதனைப் பிழைப்பிக்காது. வழிந்தோடி அண்டைச் செடிகளுக்கும் நோயைப் பரப்பும். எனவே அதனை வேரோடு அகற்றி எரித்தல் வேண்டும். அவ்விடத்தில் கத்தரியும் மிளகாயும் நடலாகாது. அடுத்த முறை தக்காளி பயிரிடுவோர், கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சக்தி, முக்தி, அனகா ஆகிய நோய் எதிர்ப்பு இரகங்களைத் தேர்ந்தெடுப்பது நலம்.