நிறத்தோடு நிறம் சேர்த்தல்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நிறம் எங்கே இருக்கிறது? பொருளிலா, அதன்மேல் விழும் ஒளியிலா, காண்போரின் கண்ணிலா? தேர்வுத்தாளில் இதற்கு ஒரு பக்கம் விடை எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். ஆனால், ஒரு பழைய காருக்கு அதன் பிறவி நிறத்தையே மறுபடியும் பூசித் தர வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால், அம்மூன்றையும் ஒருசேரக் கவனித்தே தீர வேண்டும். என் தந்தையார் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் கார்களுக்கு வர்ணம் அடிப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. சென்ற கோடை விடுமுறையில் அவருக்குக் கையாளாக நின்று கண்டவற்றை, நம் பாடத்தோடு பொருத்தி இங்கே எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த அந்த வண்டி ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு காரை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் உருவாக்கி விற்றனர். 1980களின் இறுதியில் அந்நிறுவனம் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனியே பதிய இடம் தருகிறது. ஆகவே பழையபடியே இருக்க வேண்டும் என்ற ஆசை இன்று பலருக்கும் வந்திருக்கிறது. ஹெரால்டின் உடற்பகுதிகள் தனித்தனியே சட்டத்தின் மேல் போல்ட்டு போட்டு முடுக்கப்பட்டவை. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். கழற்றி அடிக்க இது வசதிதான். ஆனால் தனித்தனியே அடித்த பாகங்களை மறுபடி பூட்டும்போது, நூலளவு நிற வேறுபாடு இருந்தாலும் இணைப்பில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

பிறவி நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வாட்டர் பேப்பரால் ஓர் இடத்தை வட்டமாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்கள் போல ஒன்றன்கீழ் ஒன்றாகப் பழைய பூச்சுகள் வெளிப்படும். எங்கள் வண்டியில் மேலே வெள்ளை, அதன்கீழ் மெரூன், அதன்கீழ் வெளிர்நீலம், பிறகு சாம்பல் நிறப் பிரைமர், கடைசியில் தகடு. பழைய மஞ்சள், சிவப்புப் பூச்சுகளில் ஈயக் குரோமேட்டு இருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2016இல்தான் வந்தது. அதுவும் கார் வர்ணத்துக்கானதன்று. ஆகையால் பழைய வண்டியை உலர்ந்த எமரித்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும்.

கிடைத்த நீலத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. நைட்ரோசெல்லுலோஸ் படலம் காலப்போக்கில் மஞ்சளிக்கும். மஞ்சளித்த நீலம் பச்சை கலந்ததாகத் தோன்றும். எனவே டாஷ்போர்டின் உட்புறம், கதவு ரப்பர் பீடிங்கின் அடிப்புறம் என வெயில் படாத இடங்களை மெருகேற்றிப் பார்த்து, மூன்று நான்கு இடங்களுக்குப் பொதுவான நிறத்தையே தந்தையார் ஏற்றுக்கொள்கிறார்.

அடுத்தது பூச்சின் இனம். தின்னரில் நனைத்த துணியால் தேய்த்தால் நிறம் கரைந்து வந்துவிடுமானால் அது என்.சி. பூச்சு. சுருங்கித் தோலாக எழும்பினால் எனாமல். இரண்டும் இல்லையேல் சூட்டில் இறுக்கியதோ ஹார்டனர் கலந்ததோ ஆகும். என்.சி. பூச்சு வேதிவினையால் காய்வதில்லை; தின்னர் ஆவியாகிப் போவதே அதன் காய்தல். அதனால்தான் புதுப் பூச்சு பழையதைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றிவிடுகிறது. எனாமலோ காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுவது. இந்த என்.சி.க்கு மூலப்பொருள் பருத்தி என்பதை நம் கரிசல் காட்டு நண்பர்கள் அறிந்தால் மகிழ்வர். பருத்திச் செல்லுலோஸை நைட்ரிக், கந்தக அமிலங்களால் வினைப்படுத்தினால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். நைட்ரஜன் சுமார் 12 விழுக்காடு ஏறினால் வர்ணம். 13ஐத் தாண்டினால் வெடிமருந்து! 1920களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் இதை டூகோ என்ற பெயரில் கார்களுக்குக் கொண்டுவந்தது. அதுவரை வாரக்கணக்கில் காய்ந்த பூச்சு மணிக்கணக்கில் காயத் தொடங்கியது. ‘டூகோ அடிக்க வேண்டும்’ என்ற பேச்சு நம் பட்டறைகளில் அதனால் வந்ததே.

இனிக் கலவை. வெளிர்நீலத்துக்கு அடிப்படை டைட்டானியம் டை ஆக்சைடு. இதற்குரிய இல்மனைட்டு தாது, நமக்கு அண்டையிலுள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. நீலம், தாமிர தாலோசயனின். இதன் மூலக்கூறு அமைப்பு இலைப்பச்சையத்தின் அமைப்புக்கு உறவானது. வெள்ளையில்தான் நீலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். நீலத்தில் வெள்ளையைக் கொட்டினால் வாளி நிறையுமே தவிர நிறம் வந்து சேராது. நீலம் அளவில் சரியாகி, சாயலில் துள்ளலாக இருந்தால் ஒரு துளி கறுப்பு. பழமைக் குளிர்ச்சி வேண்டுமானால் மிகச் சிறிது மஞ்சள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். எனவே தகரத்தில் அடித்து, காயவைத்து, மூலத்தோடு இடைவெளியின்றி ஒட்டவைத்தே பார்க்க வேண்டும். இடையே விரற்கடை வெளி இருந்தாலும் சிறு வேறுபாட்டைக் கண் கோட்டைவிட்டுவிடும். நெடுநேரம் நீலத்தையே பார்த்தால் கண் அதற்குப் பழகி, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். தந்தையார் நடுநடுவே பட்டறையின் சிமெண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சோம்பல் என்று பிறர் நினைக்கலாம். அது அவர் கண்ணைச் சுழிக்குக் கொண்டுவரும் முறை.

“டியூப்லைட்டு வெளிச்சத்துல சேர்த்த நிறம், வெயிலுக்கு வந்தா காட்டிக் குடுத்துரும்லே” என்பார் அவர். காலை பத்து மணி நிழலில் ஒருமுறை, பொழுது சாயும் செவ்வொளியில் ஒருமுறை, இரவு குண்டு பல்பின் கீழ் ஒருமுறை. மூன்றிலும் சேர்ந்தால்தான் சேர்ந்தது. இதன் பெயர் மெட்டாமெரிசம் என்பதைப் பிறகுதான் படித்தேன். நம் கண்ணில் நிறம் அறியும் கூம்புகள் மூவகையே. இரு பூச்சுகள் வெவ்வேறு அலைநீளங்களை வெவ்வேறு அளவில் திருப்பி அனுப்பினாலும், ஓர் ஒளியில் அம்மூவகைக் கூம்புகளும் ஒரே அளவில் தூண்டப்படுமானால் இரண்டும் ஒரே நிறமாகவே தெரியும். ஒளி மாறினால் குட்டு உடைந்துவிடும். டியூப்லைட்டில் பாதரசத்தின் 436, 546 நானோமீட்டர் கோடுகள் தூக்கலாக இருப்பதால் ஏமாற்றமும் மிகுதி. மூல நிறமிகளையே பயன்படுத்துவதே இதற்கு முழு மருந்து. சர் சி.வி. இராமன் தம் இறுதிக் காலத்தில் கண்பார்வையையும் நிறவுணர்வையும் ஆராய்ந்து 1968இல் நூலாக்கினார் என்பதையும் இங்கே நினைக்கிறேன்.

அடிப்பதற்கும் காலம் உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று தூசியை வாரிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிர்கிறது. வெப்பம் 28 பாகை, ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறத்தாழ 25 பாகை. மூன்று பாகை குளிர்ந்தாலே நீர் படிந்து பூச்சு வெளுத்துவிடும். சித்திரை வெயிலில் 37 பாகையும் 35 விழுக்காடும் இருக்கும்போது பனிநிலை 19க்கு இறங்கிவிடுவதால் அச்சமில்லை. ஸ்ப்ரே கன்னை ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், தகட்டுக்கு இணையாக ஓட்ட வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றினால் நடுவில் கனத்து ஓரம் மெலியும். எட்டிப் பிடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து சொரசொரத்து வெளிறும், நெருங்கினால் வடியும். ஹெரால்டின் எல்லாப் பாகங்களையும் ஒரே வாளிக் கலவையால் ஒரே நாளில் அடித்தோம்.

இந்த வண்டி என்.சி.யில் முடிந்தது. ஆனால் பட்டறைக்கு வரும் பெரும்பாலான வண்டிகளுக்கு இன்று ஹார்டனர் கலந்த பாலியூரித்தேன் பூச்சுதான். ஒரு நாள் அந்த ஹார்டனர் டப்பாவோடு வந்த ஆங்கிலத் தாளைத் தந்தையார் என்னிடம் நீட்டி, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். ஹெக்சாமெத்திலீன் டைஐசோசயனேட்டு என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. 1984இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டும் இதே –NCO தொகுதியைக் கொண்டதே. இது அதைப்போல எளிதில் ஆவியாகாது. ஆயினும் தெளிக்கும்போது நுண்துளியாய் நுரையீரலுக்குள் போகிறது. ஒருவருக்கு ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பின்னர் மிகச் சிறு அளவும் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். தீங்கு செய்யும் அளவிலும் மணம் தெரியாது என்பதால் மூக்கை நம்ப முடியாது. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வாயில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டுதான் அடிக்கிறார்கள். ஈரத்துண்டு தூசியை ஓரளவு தடுக்கலாம்; இதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்று தரும் முகமூடியே இதற்கு உரியது. அதன் விலை ஒரு சிறிய பட்டறைக்குக் கனமானது.

தந்தையாருக்கு இரவில் இருமல் உண்டு. அந்தத் தாளைத் தமிழில் எழுதி, ஹார்டனர் கலக்கும் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். எழுத்துப் பெரிதாக இல்லை என்று சொல்லி, அவரே சிவப்பு வர்ணத்தில் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். முகமூடி வாங்க நான்கு பட்டறைக்காரர்கள் சேர்ந்து பணம் போடுவது பற்றிப் பேச்சு நடக்கிறது.