மனு எந்த அலுவலகத்துக்கு?

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

கே: தனியார் கிளினிக்குகளுக்குப் பதிவு உண்டா?
– வாசகி, பாம்பன்

ப: உண்டு. 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். சான்றிதழ் கண்ணில் படவில்லையென்றால் கேளுங்கள்.

கே: தெருவில் கழிவுநீர் தேங்கி, வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடக்கிறோம். அரசு மருத்துவமனையில் மனு கொடுத்தால், ‘எங்கள் வேலை இல்லை’ என்கிறார் டாக்டர்.
– வாசகர், அக்காள்மடம்

ப: அவர் சொன்னது சரிதான். சுகாதாரத் துறை என்றாலே ஆஸ்பத்திரி என்று நினைப்பதை எப்போது விடப் போகிறோமோ! தாலுகா ஆஸ்பத்திரி ஓர் இயக்குநரகம். மருத்துவக் கல்லூரி இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையமும் கொசு ஒழிப்பும் பொது சுகாதார இயக்குநரகம். ஊசி போடும் டாக்டரால் சாக்கடைக்கு நோட்டீஸ் விட முடியாது.

அந்த அதிகாரம் சுகாதார அலுவலருடையது. கொடுத்தது 1939-இல் மதராஸ் மாகாணம் போட்ட பொது சுகாதாரச் சட்டம். நாட்டிலேயே இந்த வகையில் முதல் சட்டம் அது. குடிநீர், கழிவுநீர், கொசு, தொற்றுநோய், தங்கும் விடுதி, திருவிழாக் கூட்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். கொசு பெருகும் தண்ணீரை அகற்றச் சொல்லிக் கெடு வைக்கலாம்; கேட்காவிட்டால் ஆள் வைத்து அகற்றி, செலவை வசூலிக்கலாம். 2020-இல் முகக்கவசம் போடாதவரிடம் 200 ரூபாய் பிடுங்க இதே சட்டத்தைத்தான் திருத்தினார்கள். அபராதம் கட்டத் தெரிந்த நமக்கு, இதைக் காட்டி ஊராட்சியைக் கேட்கத் தெரியவில்லை!

மனுவில் கண்ணீர் வேண்டாம். எந்தத் தெரு, எத்தனை நாள், எத்தனை வீட்டில் காய்ச்சல், அது போதும். ஊராட்சிக்கு ஒன்று, வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒன்று கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதற்குள், வீட்டில் குடிநீர் பிடித்து வைத்திருக்கும் ட்ரம்மைத் திறந்து பாருங்கள். டெங்கு கொசுவுக்குச் சாக்கடையைவிட உங்கள் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

கே: ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி பற்றி இணை இயக்குநரிடம் முறையிடலாமா?
– வாசகர், உச்சிப்புளி

ப: 2022-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியதிலிருந்து அது மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கையில். டீனைப் பாருங்கள்.

கே: என் மச்சான் ஆத்திரத்தில் நர்ஸம்மாவிடம் கையை ஓங்கிவிட்டான். கேஸ் வருமா?
– வாசகர், தங்கச்சிமடம்

ப: வரும். 2008-ஆம் ஆண்டுச் சட்டம், ஜாமீனில் விடாத பிரிவு. முதலில் அந்தம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். வக்கீலை அப்புறம் பார்க்கலாம்.