அடுமனைப் பொருள்களில் மறைந்திருக்கும் குளூட்டன்

பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஒரு தாய் தம் எட்டு வயது மகளுடன் எம்மிடம் வந்தார். செலியாக் நோய் என உறுதி செய்யப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. வீட்டில் கோதுமை இல்லை, மைதா இல்லை, ரவையும் சேமியாவும் இல்லை. ஆயினும் குழந்தையின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு குறையவில்லை; எடையும் ஏறவில்லை. "பிறந்தநாளுக்குக்கூட வீட்டிலேயே கேழ்வரகு கேக் செய்தேனே, ஐயா" என்றார் அவர். அவரது குரலில் இருந்த வருத்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதமே குளூட்டன். இந்நோய் உள்ளவர்களுக்கு அது சிறுகுடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகளைச் சிதைக்கிறது. உண்டது உடலில் ஒட்டுவதில்லை. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் டிக்கே 1930களிலேயே கோதுமையின் மீது ஐயம் கொண்டிருந்தார். 1944–45 பஞ்சக் குளிர்காலத்தின் அனுபவம் அதற்கு வலுவூட்டியது. தென்னிந்தியாவில் இந்நோய் வடக்கைவிட மிகவும் அரிது. ஆதலால் இங்குள்ள கடைக்காரருக்கும் உறவினருக்கும் இது புரிவது கடினம், "கொஞ்சம் சாப்பிட்டால் என்ன?" என்பார்கள்.

கொஞ்சம் என்பது எவ்வளவு? நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து மூன்று மாதம் உட்சென்றாலே குடல் பாதிக்கப்படலாம் என்று ஆய்வில் கண்டுள்ளனர். ஏறத்தாழ அரை கிராம் மைதாவில் அது அடங்கிவிடும். இரு விரலால் கிள்ளி எடுக்கும் அளவுதான். 'குளூட்டன் அற்றது' என்று அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது நம் நாட்டின் விதி.

அத்தாயின் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முட்டை, சர்க்கரை, வெண்ணெய், மரக்காணத்து உப்பு ஆகியவற்றில் குறையில்லை. கேக்கில் இட்ட கோக்கோ தூய்மையானது. ஆனால் அதன்மேல் தூவிய தானிய அவலில் பார்லி மால்ட் சாறு இருந்தது. பேக்கிங் பவுடரில் மாவுச்சத்து சேர்க்கப்படும். பெரும்பாலும் அது சோளமாவே, எனினும் சில வகைகளில் கோதுமையாக இருக்கக்கூடும். பொடித்த சர்க்கரையிலும் இதைப் பார்க்க வேண்டும். மால்ட் கலந்த பானப் பொடிகளை அறவே தவிர்க்க வேண்டும். ஓட்ஸ் கோதுமையோடு கலந்துவிடும் இயல்புடையது. குளூட்டன் அற்றது என்று அச்சிடப்படாததை வாங்க வேண்டாம். சாம்பாருக்கு இடும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பது வழக்கம் என்பதைப் பலர் அறியார். அன்றாடம் உட்சென்றது அதுவாகவும் இருக்கலாம்.

பொட்டலத்தின் பின்புறம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அச்சாகிறது. வீட், பார்லி, ரை, மால்ட், மைதா, செமோலினா என்ற ஆறு சொற்களின் எழுத்துவடிவத்தை ஒரு தாளில் எழுதித் தருமாறு எம் உணவியலாளரிடம் கேளுங்கள். அத்தாளைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். ஒவ்வாமைப் பொருள்களைத் தனியே குறிப்பிட வேண்டும் என 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் கூறுகின்றன. அந்த வரியை முதலில் தேடுங்கள். பழகிய பொருளாயினும் ஒவ்வொரு முறையும் படியுங்கள், சேர்மானம் மாறியிருக்கலாம்.

லேபிளே இல்லாத இடம் மாவு மில். கேழ்வரகில் இயல்பாகக் குளூட்டன் இல்லை. அரிசி, கம்பு, தினை ஆகியவற்றிலும் இல்லை. ஆனால் முன்னவர் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில்தான் அத்தாயும் கேழ்வரகை அரைத்து வந்தார். மில்காரர் மீது குறையில்லை. அவரிடம் இருந்தது ஓர் இயந்திரமே. வீட்டில் சல்லடை, மரப்பலகை, கேக் தட்டு ஆகியவையும் இவ்வாறே. பழைய சல்லடையின் கண்களில் தங்கிய மாவு கழுவினாலும் முழுதாகப் போகாது. புதியதை வாங்கிவிடுவது நல்லது.

மாவைப் பிணைக்கக் குளூட்டன் இல்லாததால் கேக் உதிரும். ஆளிவிதைப் பொடியை வெந்நீரில் குழைத்துச் சேர்த்தால் ஓரளவு தாங்கும். உண்மையைச் சொன்னால், இட்லியும் புட்டும் இடியாப்பமும் உள்ள நம் சமையலறையில் கேக் ஒன்றுதான் இத்தனை தொல்லை தருகிறது.

ஒன்றை வலியுறுத்திக் கூறுகிறோம்: சந்தேகம் மட்டுமே இருப்பவர்கள் பரிசோதனைக்கு முன்பாகக் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையில் நோய் தென்படாமல் போகக்கூடும்.

இப்போது அத்தாய் கேழ்வரகைக் கழுவி உலர்த்தி வீட்டு மிக்சியிலேயே அரைக்கிறார். ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.